புகை தரும் சான்று

புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் அளவை நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இந்நெறியை விரித்துரைக்கிறார். மலைமீது புகை தோன்றுகிறது. ஆதலால் அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் இவ்வாறு கண்டிருக்கிறோம் என்பது அவ்வாதத்தின் போக்கு. அதே காதையில் போலி வாதங்களும் வகைப்படுத்தப்பெறுகின்றன. ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையென்றே கொண்டு நெருப்பைத் துணிவது அவற்றுள் ஒன்று.

முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், "ஐயா, புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியுமே! இதற்கு ஒரு காதை வேண்டுமா?" என்று யாரேனும் ஒரு மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவிற்கு நாம் கூறும் விடை ஏட்டிலிருந்து எடுத்ததன்று. நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் இரண்டு நாள் நின்று கற்றது. அதனையே இம்மலருக்குக் கட்டுரையாகத் தருகிறோம்.

வண்டியும் குடும்பமும்

எம் குடும்பம் லாரித் தொழிலால் உண்டு வளர்ந்தது. அத்தா ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஐவரையும் ஆளாக்கினார். நாம் தமிழ் படிக்க வந்துவிட்டோம். மூத்த அக்காவை மணந்த மச்சான் தொழிலை ஏற்று நடத்தினார். அவருடைய லாரி 2003ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்றது. டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் உடையது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு புனே வரை செல்லும். திரும்பும்போது வெங்காயமோ கிடைத்த சரக்கோ ஏற்றி வரும். 2018ஆம் ஆண்டில் அது ஒன்பது லட்சம் கிலோமீட்டரைக் கடந்திருந்தது.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒரு நடை முடித்து வந்த ஓட்டுநர், "வண்டி ஆயில் திங்குது பாய்" என்றார். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும்போது நீலப்புகை பின்னால் திரைபோல் விழுகிறது. பின்வரும் வண்டிக்காரர்கள் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள். டேப்பட் கவரின் விளிம்பெங்கும் ஆயில் கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கொதிக்கும் சோற்றுப்பானையைத் திறந்தாற்போல் ஆவி எழுகிறது.

மச்சான் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார். அங்கிருந்தவர் என்ஜினை ஓடவிட்டு மூடியைத் திறந்து பார்த்தார், புகையைப் பார்த்தார். "ரிங் போச்சு, போர் போச்சு. என்ஜினை இறக்கி ஃபுல் வேலை செய்யணும்" என்றார். கேட்ட தொகை 1,80,000 ரூபாய். பரிசோதனைக்கு ஆன நேரம் ஐந்து நிமிடம்.

மச்சானிடம் அத்தொகை இல்லாமல் இல்லை. அக்கா மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். அவளுடைய கட்டணத்திற்கும் விடுதிக்குமாகச் சேர்த்து வைத்த பணம் அது. வண்டி ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டியை ஓட்டப் பணம் கொடுத்துவிட்டால் பிள்ளையின் படிப்பு நிற்கும். வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அக்கா மட்டும், "அத்தா காலத்து மேஸ்திரி நாமக்கல்லில் இருக்காரே, அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எதையும் செய்யுங்க" என்றார். பருவத்தேர்வு விடுமுறை ஆதலால் நாமும் மச்சானுடன் புறப்பட்டோம்.

என்ஜினின் மூச்சு

மேஸ்திரி செய்தவற்றை விளக்குமுன், நோய் இன்னது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

டீசல் என்ஜினில் பிஸ்டன் காற்றை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக இறுக்குகிறது. அதனால் காற்று பழுக்கக் காய்கிறது. அந்தச் சூட்டில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது. அந்த அழுத்தம் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நழுவிவிடாமல் காப்பவை ரிங்குகள். பொதுவாகப் பிஸ்டன் ஒன்றுக்கு மூன்று இருக்கும். மேலிரண்டும் வாயுவைத் தடுப்பவை. மூன்றாவது சுவரில் படிந்த ஆயிலை வழித்துக் கீழே இறக்குவது. ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிடத்திற்கு 1,800 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் 5,400 முறை உள்ளே தீப்பற்றுகிறது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு வாயு ரிங்குகளைக் கடந்து கீழே, ஆயில் நிறைந்த அறைக்குள் இறங்கிவிடும். புதிய என்ஜினிலும் இது உண்டு. அவ்வாயு வெளியேறுவதற்காகவே பிரீதர் என்னும் மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். ரிங்கும் சுவரும் தேய்ந்தால் இறங்கும் வாயு மிகுதியாகும். இதனையே நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள்.

வாயு கீழே இறங்குவது ஒரு நோய். ஆயில் மேலே ஏறி எரிவது மற்றொரு நோய். இரண்டும் ஒன்றாக வருவதுண்டு. தனித்தனியே வருவதும் உண்டு. வழிக்கும் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகினால், பேக் கம்ப்ரஷன் அதிகமின்றியே ஆயில் எரியும். வால்வு கைடு தேய்ந்தாலும், டர்போவின் சீல் கசிந்தாலும் ஆயில் எரியும். அவற்றிற்கும் பிஸ்டனுக்கும் தொடர்பில்லை. அவ்வாறே கீழறைக்குள் காற்று புகுவதற்கும் பிஸ்டனைத் தவிர வேறு வாயில்கள் உண்டு. அவை எவை என்பதை மேஸ்திரி காட்டினார்.

விசாரணை

எழுபதைக் கடந்த அம்முதியவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரை அழைத்து உட்கார வைத்தார். ஆயில் குறைவது எப்போதிலிருந்து, சிறிது சிறிதாகக் கூடியதா, திடீரென்று கூடியதா, புகை எந்த நேரத்தில் மிகுதி, அண்மையில் எதை மாற்றினீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டார். ஆடி மாதம் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தான் ஊற்றியதாகவும், அதன்பின் இரண்டே மாதத்தில் ஐந்து லிட்டராகிவிட்டதாகவும் ஓட்டுநர் கூறினார். மேஸ்திரி மச்சானைப் பார்த்து, "ரிங் தேயறது வயசாவற மாதிரி பாய். ஒரே ராத்திரியில நரைக்காது" என்றார். பிஸ்டன் உடைந்தாலோ, ரிங் முறிந்தாலோ, வண்டி சூடேறிப் பிடித்தாலோ திடீரென்று கெடக்கூடும்; அவ்வாறு எதுவும் நடக்கவில்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிறகு கணக்குப் பார்த்தார். வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடுகிறது; ஆயிரம் கிலோமீட்டருக்கு டீசல் 250 லிட்டர். அதில் ஐந்து லிட்டர் ஆயில் என்றால் நூற்றுக்கு இரண்டு பங்கு. கனரக என்ஜின்களில் ஆயில் செலவு டீசல் செலவில் நூற்றுக்கு அரைப்பங்கிற்குள் நிற்பது பொதுவாக ஏற்கத்தக்கது. முன்பு ஊற்றிய ஒரு லிட்டர் 0.4 பங்கு, அது நோயன்று. இன்றைய ஐந்து லிட்டர் ஐயமின்றி நோய். "ஆயில் திங்குதுன்னு சொன்னாப் போதாது, எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு ஆயில்னு சொல்லணும்" என்பது அவர் கட்டளை.

அடுத்து என்ஜினின் வெளிப்புறத்தைக் கழுவச் சொன்னார். ஊற்றிய ஆயில் எல்லாம் எரிந்தது என்று கொள்ளுமுன், ஒழுகியது எவ்வளவு என்று அறிய வேண்டுமல்லவா? கழுவித் துடைத்து ஓடவிட்டபோது, டேப்பட் கவரிலும் பின்புற சீலிலும் கசிவு தெரிந்தது. ஆனால் இரண்டும் உள்ளிருக்கும் அழுத்தத்தால் தள்ளப்பெற்றுக் கசிபவை என்றார்.

புகையை நான்கு நிலைகளில் பார்த்தார்: குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியவுடன், சூடேறியபின், பத்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தபோது, பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டியபோது. கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. வெண்புகை என்றால் எரியாத டீசல் ஆவி. அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே கசிந்து எழும் நீராவி. நீலப்புகையே ஆயில் எரிவதன் அடையாளம். அன்று காலை குளிரில் முதலில் எழுந்தது வெண்மையாக இருந்தது, சூடேறியதும் மறைந்தது. அதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. ஆவியையும் பனியையும் புகையோடு மயங்கலாகாது என்று காப்பியம் எச்சரித்ததை, அந்நூலை அறியாத ஒருவர் எம் கண்முன் கடைப்பிடித்தார். வெறுமனே ஓடவிட்டபின் மிதித்தபோதும் ஏற்றத்திலும் நீலம் தெளிவாக எழுந்தது. ஆகவே நெருப்பு உண்டு. அஃது எந்த வீட்டில் என்பதே எஞ்சிய வினா.

ஆயில் மூடியைத் தலைகீழாக வாயில் வைத்துப் பார்க்கும் சோதனையை அவரும் செய்தார். மூடி துள்ளி விழுந்தது. முதற்பட்டறை தீர்ப்புச் சொன்னது இந்த இடத்தில்தான். மேஸ்திரியோ, "உள்ள காத்து இருக்குன்னு இது சொல்லுது. அந்தக் காத்து எங்கிருந்து வந்துச்சுன்னு இது சொல்லாது" என்றார். பிரீதரைக் கழற்றினார். அதன் உள்வழி கரிய பசை படிந்து முக்கால் பங்கு அடைபட்டிருந்தது. அதனைச் சுத்தம் செய்து பூட்டியதும் மூடியின் துள்ளல் பாதியாகக் குறைந்தது.

பின்னர், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பலகையில் வளைத்துக் கட்டி, நிறமிட்ட நீரை ஊற்றினார். ஒரு முனையை, அளவாகத் துளையிட்ட தகட்டின் வழியே பிரீதரோடு இணைத்தார். உள்ளழுத்தம் கூடினால் ஒரு பக்க நீர் இறங்கி மறுபக்கம் ஏறும். அதன் உயர வேறுபாட்டை அளந்து எழுதலாம். பெரிய பட்டறைகளில் இதற்கென மானிகள் உண்டு. அவர் கையில் இருந்தது நாற்பது ரூபாய்க் குழாயும் ஓர் அடிக்கோலும்.

மூன்று வாயில்கள்

இனி அவர் கண்டறிந்ததைச் சொல்கிறோம்.

லாரியின் பிரேக்குக்குக் காற்றை அழுத்தித் தருவது என்ஜினோடு இணைந்த ஏர் கம்ப்ரசர். அதற்கும் சிறு பிஸ்டனும் ரிங்கும் உண்டு. என்ஜின் ஆயிலே அதற்கும் செல்கிறது. அதிலிருந்து வழியும் ஆயில் என்ஜினின் கீழறைக்கே திரும்புகிறது. அதன் ரிங் தேய்ந்தால், அது இறுக்கும் காற்று கீழே நழுவி என்ஜின் அறைக்குள் வந்து சேரும். பார்ப்பவர்க்கு அது பேக் கம்ப்ரஷன் போலவே தோன்றும்.

மேஸ்திரி காற்றுத் தொட்டியின் வடிகால் திருகைத் திறந்தார். காப்பி நிறத்தில் நீரும் ஆயிலும் கலந்து கொட்டின. திருகைச் சிறிது திறந்தே வைத்து, கம்ப்ரசர் ஓய்வின்றிக் காற்றை ஏற்றும்படி செய்து நீர்மட்டத்தைக் குறித்தார். பிறகு மூடி, தொட்டி நிறைந்து கம்ப்ரசர் தானே பளு நீங்கும் வரை காத்திருந்தார். அது நீங்கிய நொடியில் குழாயின் நீர்மட்ட வேறுபாடு சரிபாதிக்கும் கீழே இறங்கியது. மீண்டும் திறந்தார், ஏறியது; மூடினார், இறங்கியது. நான்கு முறை செய்து காட்டினார். என்ஜின் அறைக்குள் இருந்த காற்றில் பெரும்பங்கு பிஸ்டனைக் கடந்து வந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அப்பொழுது அவர் கூறிய மற்றொன்று மச்சானின் முகத்தை வெளுக்கச் செய்தது. கம்ப்ரசர் தள்ளிய ஆயில் காற்றோடு பிரேக் குழாய்களுக்குள்ளும் சென்றுகொண்டிருந்தது. ஆயில் படிந்தால் வால்வுகளின் ரப்பர் உப்பிக் கெடும். பிரேக் பிடிக்கத் தாமதமாகும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு வரும் வண்டிக்கு அத்தாமதம் என்ன செய்யும் என்பதை அச்சாலையை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. முதற்பட்டறை கொடுத்த மதிப்பீட்டில் கம்ப்ரசரின் பெயரே இல்லை. 1,80,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு, உயிருக்கு உலை வைக்கும் குறையோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்திருப்பார்கள்.

இரண்டாம் வாயில் டர்போ. அதன் தண்டு நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுவது. அதற்கு ஊட்டப்பெறும் ஆயில் தன் எடையாலேயே வடிகுழாய் வழி கீழறைக்கு இறங்க வேண்டும். கீழறையில் அழுத்தம் மிகுந்தால் அது இறங்காமல் தேங்கி, சீலைக் கடந்து காற்றுப் பாதையில் சிந்தும். சிந்தியது சிலிண்டருக்குள் சென்று எரியும். மேஸ்திரி டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றுச் செல்லும் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டுக் காட்டினார். விரல் முழுதும் ஆயில். சில என்ஜின்களில் பிரீதரைக் காற்றுப் பாதையிலேயே இணைத்திருப்பார்கள்; அங்கே இவ்வீரத்தைக் கொண்டு டர்போவைக் குற்றம் சாட்ட இயலாது. இவ்வண்டியில் பிரீதர் வெளியே திறப்பது. ஆதலால் சான்று நின்றது. டர்போவின் வடிகுழாயும் கரி படிந்து குறுகியிருந்தது. ஏர் ஃபில்டர் அடைபட்டிருந்தமையால் டர்போவின் வாயில் உறிஞ்சல் மிகுந்து, ஆயிலை மேலும் இழுத்தது.

எனவே நீலப்புகையின் பிறப்பு வரலாறு இவ்வாறு அமைந்தது: கம்ப்ரசரின் ரிங் தேய்ந்து காற்றைக் கீழறைக்கு அனுப்பியது; அடைபட்ட பிரீதர் அதனை வெளியே விடவில்லை; ஏறிய அழுத்தம் டர்போவின் ஆயிலை வடியவிடவில்லை; வடியாத ஆயில் சிலிண்டருக்குள் சென்று எரிந்தது. புகை மெய், நெருப்பும் மெய். ஆயின் குற்றம் சாட்டப்பெற்ற பிஸ்டனுக்கு இச்சங்கிலியில் ஒரு கண்ணியும் இல்லை.

அதனால் பிஸ்டன் முற்றும் தூயது என்று அவர் விடுதலை வழங்கிவிடவில்லை. மூன்றாம் வாயிலையும் தட்டினார். கம்ப்ரசர் பளு நீங்கிய நிலையில், என்ஜினை மெல்ல ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி அதன் எரிதலை நிறுத்தினார். நான்கு சிலிண்டர்களில் நீர்மட்டம் அசையவில்லை. இரண்டாவதில் சிறிது அசைந்தது. ஐந்தாவதை நிறுத்தியபோது நன்றாக இறங்கியது. பின்னர் என்ஜினை நிறுத்தி, ஐந்தாம் சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி, இரு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, அத்துளை வழியே காற்றை ஏற்றினார். "காதை வச்சுக் கேளுங்க சார்" என்று நம்மை அழைத்தார். சைலன்சரில் சீறினால் வெளியேற்றும் வால்வு. காற்றுக் குழாயில் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் வாயில் சீறினால் ரிங். சீற்றம் ஆயில் வாயிலில் கேட்டது. மற்றச் சிலிண்டர் ஒன்றிலும் அதே சோதனையைச் செய்து, மெல்லிய ஓசையே எழுவதைக் கேட்கச் செய்தார். ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்த ஓசையும் சான்றாகாது என்பதை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

இளைஞர்களுக்கு ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்தும் சோதனை பழைய இயந்திரப் பம்ப் உடைய என்ஜின்களுக்கே உரியது. இன்றைய காமன் ரயில் என்ஜின்களில் டீசல் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலே நிற்கிறது. ஊசிமுனைக் கசிவும் தோலைத் துளைத்து உள்ளே புகும். அங்கே இதைச் செய்யலாகாது. மற்றொன்று: ஆயில் மிகுதியாக உள்ளே புகும் டீசல் என்ஜின், தன் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு கட்டின்றிச் சுழலத் தொடங்கக்கூடும், அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது, காற்றுப் பாதையை அடைத்தாலே நிற்கும். அதற்காக மேஸ்திரி இரு நாளும் காற்றுக் குழாயின் வாயருகே ஒரு மரப்பலகையைத் தயாராக வைத்திருந்தார். அதனைக் கையால் அடைக்க முற்படலாகாது என்று பையன்களிடம் பலமுறை சொன்னார்.

தீர்ப்பும் நோட்டுப் புத்தகமும்

இரண்டாம் நாள் மாலையில் அவர் தீர்ப்புரைத்தார். "கம்ப்ரசர் கெட்டுப்போச்சு; மாத்தியே ஆகணும், அது உயிர் விஷயம். டர்போ சீலும் வடிகுழாயும் பார்க்கணும். அஞ்சாவது சிலிண்டர்ல ரிங் பிடிச்சிருக்கு, அது உண்மை. ஆனா அது இன்னைக்குச் சாகாது. ஒன்றரை வருஷம் தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்குள்ள காசு சேருங்க பாய்."

செலவு 31,000 ரூபாயில் முடிந்தது. அக்கா மகளின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பெற்றது. அடுத்த நடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் சென்றது. கணக்கில் நூற்றுக்கு 0.6 பங்கு. நலமென்று சொல்ல இயலாது. நடக்கலாம் என்று சொல்லலாம்.

மேஸ்திரி இட்ட நிபந்தனை ஒன்றுண்டு. வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். டீசல் எவ்வளவு, ஆயில் எவ்வளவு, கிலோமீட்டர் எவ்வளவு என்று ஒவ்வொரு நடைக்கும் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நீர்க்குழாய் அளவையும் சேர்க்க வேண்டும். எண் ஒரேயடியாகக் குதித்தால் அன்றே வர வேண்டும். ஓட்டுநர் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். அவர் எழுதிய அந்நோட்டை நாம் பார்த்திருக்கிறோம். ஒன்றரை லிட்டர், ஒன்று அறுநூறு, ஒன்றரை, ஒன்று எழுநூறு என்று பதினாறு மாதம் அவ்வெண்கள் மெல்ல ஏறிச் செல்கின்றன. மூப்பு எவ்வாறு வருமோ அவ்வாறே வந்திருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. தளர்வுகள் தொடங்கிய பின்னும் சரக்கின்றி வண்டி சில வாரம் நின்றது. அதற்குள் பணமும் ஓரளவு சேர்ந்திருந்தமையால், நிற்கும் வண்டிக்கு வேலையை முடித்துவிடலாம் என்று என்ஜினைத் திறந்தார்கள். ஐந்தாம் பிஸ்டனின் இரு ரிங்குகள் பள்ளத்திலேயே கரியால் இறுகி அசையாமல் இருந்தன. சுவரில் நெடுக்குக் கீறல்கள் தெரிந்தன. இரண்டாவது சிலிண்டரில் தேய்மானம் சற்று மிகுதி. மற்ற நான்கிலும் வயதுக்கேற்ற தேய்மானமே. 2018இல் மூடிய என்ஜினுக்கு வெளியே நின்று நீர்க்குழாயையும் காதையும் கொண்டு அவர் கூறியதை, திறந்த என்ஜின் அவ்வாறே ஒப்புக்கொண்டது. இருபதாண்டை எட்டும் வரை அவ்வண்டி ஓடியது. அக்கா மகள் இன்று அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறார்.

மாணவர்க்கு ஒரு சொல்

தமிழ்த்துறை மலரில் லாரி என்ஜினைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கக்கூடும். சொற்பொருள் காணும் நமக்கும் இந்நெறியே உரியது. ஒரு பாடலில் வரும் ஒரு சொல்லைக் கண்டதும் அதன் காலத்தையும் ஆசிரியனையும் துணிந்துவிடும் ஆய்வேடுகளை நாம் திருத்தியிருக்கிறோம். அச்சொல் வேறு வாயிலால் வந்திருக்குமோ, ஏடெழுதுவோர் நுழைத்ததோ, பாடவேறுபாடோ என்று ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கும் பொறுமை அவற்றில் இல்லை. ஒரே அடையாளத்தைப் பல காரணங்கள் தரக்கூடும் எனின், அவ்வடையாளத்தை எத்தனை முறை கண்டாலும் அது தீர்ப்பாகாது. ஒரு காரணத்தை நிறுத்தி மற்றவற்றை ஓடவிடும் சோதனையே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

சமூகப் பெரியோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். வீட்டிலும் தெருவிலும் ஜமாஅத்திலும் நம் முன் வரும் வழக்குகளிலும் புகைதான் முதலில் தெரிகிறது. யாரோ ஒருவர்மேல் விரல் நீள்கிறது. அடைபட்ட மூச்சுக்குழாய் எங்கே, காற்றை உள்ளே தள்ளுகிறவர் யார் என்று பார்க்குமுன் என்ஜினை இறக்கிவிடுகிறோம். அதற்கான செலவைத் தருவது பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்பிள்ளையின் படிப்பாகவே இருக்கிறது.

அந்த மேஸ்திரி பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். எனினும், ஆராய்ச்சி முறையியல் தாளைக் கற்பிக்கும் ஒவ்வோராண்டும், முதல் வகுப்பில் நீர்க்குழாயைப் பலகையில் வரைந்தே தொடங்குகிறோம். இரு பக்கமும் நீர் சமமாக நிற்கும்படி முதலில் வரைந்து, "இப்போது நமக்கு எதுவும் தெரியாது, இங்கிருந்து தொடங்குவோம்" என்று மாணவர்களிடம் கூறுகிறோம்.